சிறு விமானத்தின் சுழற்பொறி

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் உள்ள ஊர்களுள் செம்மங்குப்பமும் ஒன்று. அதற்குக் கிழக்கே சிறிது தொலைவில் வங்கக் கடல் விரிந்து கிடக்கின்றது. அக்கடற்கரையில் வாழும் மீனவர் விடியுமுன்னரே படகேறிக் கடலுள் செல்வர். ஆழ்கடலில் வலை வீசும் அவர்கள், தம் தலைக்குமேல் சிறு விமானம் ஒன்று தாழப் பறந்து செல்வதைச் சில வேளைகளில் காண்பதுண்டு. இந்தியக் கடலோரக் காவற்படையின் டோர்னியர் 228 என்னும் விமானமே அது. புயற்காலத்தில் கடலிலுள்ள படகுகளைத் தேடிச் சென்று, கரைக்குத் திரும்புமாறு எச்சரிப்பது அதன் கடமைகளுள் ஒன்றாகும்.

அவ்விமானத்தின் இரு சிறகுகளிலும் விசிறிகள் சுழல்கின்றன. அவற்றைக் காண்போர், மோட்டார் வண்டியில் உள்ளது போன்ற பெட்ரோல் எந்திரமே அவற்றைச் சுழற்றுகின்றது என எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. ஜெட் விமானத்தில் உள்ள சுழற்பொறியே அங்கும் அமைந்துள்ளது. வெளியே விசிறியும் உள்ளே சுழற்பொறியும் கொண்ட இவ்வமைப்பிற்கு டர்போபிராப் என்பது பெயர்.

பெட்ரோல் எந்திரத்திற்கும் சுழற்பொறிக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்கலாம். ஒருவன் தனியே நின்று நெல்லை அள்ளி, குத்தி, புடைத்து, மூட்டை கட்டுகிறான் என்று கொள்வோம். ஒரு வேலையைச் செய்யும்போது மற்ற மூன்றும் நின்று போகும். நால்வர் வரிசையாக அமர்ந்து ஆளுக்கொரு வேலையைச் செய்தால், நான்கும் இடையறாது நடைபெறும். பெட்ரோல் எந்திரம் அத்தனி ஆளைப் போன்றது. அதன் உருளைக்குள் காற்றை இழுத்தல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் நிகழ்கின்றன. சுழற்பொறியில் அவை தனித்தனி இடங்களில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. முன்புறத்துச் சக்கரம் காற்றை இழுத்து அழுத்துகின்றது. நடுவிலுள்ள அறையில் எரிபொருள் ஓயாது எரிகின்றது. விரிந்து பாயும் வெப்பக்காற்று பின்புறத்துச் சக்கரங்களின் அலகுகளில் மோதி அவற்றைச் சுழற்றுகின்றது. அவ்வாற்றலின் பெரும்பகுதி, முன்னுள்ள சக்கரத்தைச் சுழற்றுவதற்கே செலவாகின்றது. எஞ்சிய பகுதியே விசிறியை இயக்குகின்றது.

டோர்னியர் விமானத்தில் உள்ள டி.பி.இ. 331 என்னும் பொறி ஒவ்வொன்றும் 715 குதிரைத்திறன் தருவது. அதன் உட்சக்கரம் நிமிடத்திற்கு 41,730 முறை சுழல்கின்றது. விசிறியும் அதே விரைவில் சுழன்றால் அதன் நுனி ஒலியின் விரைவை மிஞ்சிப் பயனற்றுப் போகும். ஆதலின், பற்சக்கரங்களின் வாயிலாக அவ்வேகம் நிமிடத்திற்கு 1,591 சுற்றாகக் குறைக்கப்படுகின்றது.

வெப்பக்காற்றைப் பின்னோக்கிப் பீச்சியே பறக்கலாமன்றோ? விசிறி எதற்கு? படகோட்டியின் துடுப்பு இதற்கு விடை கூறும். அகன்ற துடுப்பு மிகுந்த நீரை மெல்லத் தள்ளிப் படகை நகர்த்துகின்றது. மெல்லிய கோலால் எவ்வளவு விரைந்து அடித்தாலும் உழைப்பு வீணாகுமேயன்றிப் படகு அவ்வளவு நகராது. மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கும் சிறு விமானத்திற்கு, மிகுந்த காற்றை மெல்லத் தள்ளும் விசிறியே ஏற்றது.

இப்பொறியை முதன்முதல் உருவாக்கியவர் ஹங்கேரி நாட்டுப் பொறியியல் அறிஞர் கியோர்கி ஜெண்ட்ராசிக் ஆவார். அவர் அமைத்த பொறி 1940-இல் புடாபெஸ்ட் நகரில் இயங்கியது. ஆயினும் போர்ச் சூழலால் அது வானத்தைக் காணவில்லை. 1945 செப்டம்பர் 20 அன்று பிரிட்டனில், மீட்டியர் விமானம் ஒன்று ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் டர்போபிராப் பொறிகளால் பறந்தது. அவ்வகைப் பொறியால் விமானம் பறந்தது அதுவே முதன்முறை.

பொறி மாறுவதால் விளையும் நன்மை யாது என்பதை நம் நாட்டு வரலாறு ஒன்று உணர்த்தும். இந்திய விமானப்படையில் புதிய விமானிகளைப் பழக்குவதற்குத் தீபக் என்னும் விமானம் பல்லாண்டுகள் பயன்பட்டது. பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டிய அவ்விமானம் 1977-இல் முதன்முதல் பறந்தது. அதில் 260 குதிரைத்திறன் உள்ள பெட்ரோல் எந்திரம் ஒன்றே இருந்தது. பறக்கும்போதே எந்திரம் நின்றுவிடும் குறை அவ்விமானத்தைத் தொடர்ந்து வருத்தியது. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிர் நீத்தனர். 2009-இல் அவ்விமானங்கள் பறப்பது நிறுத்தப்பட்டது.

அந்நிறுவனமே 1984-இல் தீபக் விமானத்தின் உடலில் 420 குதிரைத்திறன் உள்ள ஆலிசன் சுழற்பொறியைப் பொருத்திப் பறக்கவிட்டது. அப்பொறியின் எடை ஏறத்தாழ 90 கிலோகிராமே; பெட்ரோல் எந்திரத்தின் எடையோ ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு. எடை பாதியாகக் குறைந்தும் ஆற்றல் ஒன்றரை மடங்காயிற்று. எனினும் அவ்விமானம் படையில் சேர்க்கப்படவில்லை. 2012-இல் சுவிட்சர்லாந்து நாட்டிலிருந்து 75 டர்போபிராப் பயிற்சி விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. பின்னர் நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட எச்.டி.டி.-40 என்னும் பயிற்சி விமானம் 2016 மே 31 அன்று முதன்முதல் பறந்தது. அவ்வகையில் 70 விமானங்களுக்கு 2023-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டோர்னியரை இயக்கும் பொறியின் இனத்தைச் சேர்ந்த பொறியே அதிலும் உள்ளது.

சுழற்பொறியில் மேலுங்கீழுமாக ஓடும் உறுப்புகள் இல்லை. ஆதலின் அதிர்வு குறைவு. அது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருளால் இயங்குவது. பெரிய ஜெட் விமானங்களும் அதனையே பயன்படுத்துவதால், பெரிய விமான நிலையங்களிலெல்லாம் அது கிடைக்கும். விமானப் பெட்ரோலையோ இந்தியா நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே தருவித்து வந்தது. 2022-இல்தான் வதோதராவில் ஆக்கப்பெற்ற விமானப் பெட்ரோல் வெளிவந்தது.

இத்துணை நன்மை இருந்தும், பொழுதுபோக்காகப் பறப்போரின் சிறு விமானங்களில் பெட்ரோல் எந்திரமே பெரும்பாலும் காணப்படுகின்றது. முற்காலத்தில் நம் நாட்டுப் பறக்கும் கழகங்களில் பயன்பட்ட புஷ்பக் விமானமும் பெட்ரோலாலேயே இயங்கியது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா விமானமும் அத்தகையதே.

இதற்குக் காரணம் பொறியின் சிறுமையே ஆகும். சுழலும் அலகின் நுனிக்கும் அதனைச் சூழ்ந்த உறைக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி வேண்டும். இல்லையேல் அவை உரசும். பெரிய பொறியில் அலகு ஒரு சாண் நீளம் இருக்கும். அவ்விடைவெளியால் கேடு மிகுதியில்லை. சிறு பொறியில் அலகு விரல் நகத்தளவே இருக்கும். அலகு சிறுத்தபோதும் இடைவெளியை அதே அளவிற்குச் சிறுக்கச் செய்ய இயலாது. ஆதலால் அழுத்திய காற்றில் பெரும்பங்கு அவ்வழியே நழுவிவிடும். எனவே சிறு சுழற்பொறி, ஒரே அளவு ஆற்றலைத் தருவதற்குப் பெட்ரோல் எந்திரத்தைவிட மிகுதியான எரிபொருளை உண்கின்றது. கடும் வெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவைகளால் அலகுகள் செய்யப்படுவதால் விலையும் மிகுகின்றது. எரிபொருளும் விலையும் குறைந்த சிறு பொறியைப் படைப்பதே இத்துறை அறிஞர்முன் உள்ள பெரும்பணி.

பொறி எத்துணைச் சிறந்ததாயினும், வான்பணி இடர் நிறைந்ததே. 2015 ஜூன் 8 அன்று மாலை, சென்னையிலிருந்து காவற்பணிக்குப் புறப்பட்ட டோர்னியர் விமானம் ஒன்று இரவில் தொடர்பிழந்து மறைந்தது. அதில் மூவர் இருந்தனர். கப்பல்களும் நீர்மூழ்கிக் கப்பலும் ஒரு திங்களுக்கு மேல் தேடின. கடலூருக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், அவ்விமானத்தின் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. பிறர் உயிரைக் காக்கும் கடற்பணியில் மூவரும் தம் உயிரை ஈந்தனர்.

டோர்னியர் விமானங்கள் 1980-களிலிருந்து கான்பூரில் கட்டப்பட்டு வருகின்றன. ஆயினும் அவற்றின் பொறி அமெரிக்க நாட்டில் வடிவமைக்கப்பட்டதேயாகும். எச்.டி.டி.-40 விமானத்தின் பொறியும் அவ்வாறே. உடலை நாமே வடித்தோம். அதன் உயிர்நிலையாகிய பொறியைப் பிறரிடமிருந்து பெறுகிறோம். அந்நிலை மாறுதற்கு, வெப்பத்தின் இயல்பையும் உலோகத்தின் இயல்பையும் நுணுகிக் கற்ற இளைஞர் பலர் வேண்டும். நகத்தளவு அலகில் மயிரிழை இடைவெளியைக் காக்கவல்ல பொறுமையும் கைத்திறனும் அவர்களுக்கு வேண்டும். அத்தகையோர் இந்நாட்டுப் பள்ளிகளிலிருந்தே தோன்றுதல் வேண்டும்.