வெல்லம் போட்ட காப்பி

கேள்வி: வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று சொல்கிறார்களே! நீரிழிவு உள்ள என் தாயார் அதை அறவே விட்டுவிட்டு, காப்பிக்கு வெல்லம் போட்டுக்கொள்கிறார். இது சரிதானா?

பதில்: கருப்பஞ்சாற்றைக் கந்தகப் புகையூட்டி வெளுத்து, அதன் சத்துக்களைக் கழிவுப்பாகோடு விலக்கிப் படிகமாக்குவதே நம் ஆலைகள் பலவற்றின் வழக்கம் என்பதும், கொப்பரையில் பொங்கும் அழுக்கு நுரையை மொண்டெறிந்து கிண்டி இறக்கிய வெல்லத்தில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிது தங்குகின்றன என்பதும் வாஸ்தவமே. ஆயினும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். குடலில் அது குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிந்து ரத்தத்தில் கலக்கும்போது, ஆலையில் பிறந்ததா, கொப்பரையில் பிறந்ததா என்ற பேதத்தைத் தேகம் பாராட்டுவதில்லை. பளபளவென்று மஞ்சளாக மின்னும் வெல்லத்தைக் கண்டும் மயங்க வேண்டாம். அந்த நிறத்துக்காகவே ஹைட்ரோஸ் என்னும் ரசாயனத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு.

விஷம் என்பது மிகை, அளவுதான் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த நெறி, தேனையும் உட்படுத்தி, சேர்க்கும் இனிப்பு எதுவாயினும் நாளின் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள், அதாவது 2000 கலோரி உண்பவருக்குச் சுமார் 50 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்கிறது. தாயாரிடம் பரிவோடு எடுத்துச் சொல்லி வெல்லத்தையும் குறைக்கச் செய்யுங்கள். வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.