கனவும் கைமுதலும்



கனவு காண்பதற்குக் கைமுதல் வேண்டியதில்லை. கண்ட கனவைப் பொருளாக்கிக் காட்டுவதற்குத்தான் வேண்டும். கனவு நம்மிடம் இருக்கிறது. பணம் பிறரிடம் இருக்கிறது. அவரிடம் சென்று நாம் என்ன சொல்வது? எதை முதலில் சொல்வது? எதைச் சொல்லவே கூடாது? படிப்பு முடிந்ததும் வேலை தேடுவதைவிடப் புத்தொழில் தொடங்குவதையே விரும்பும் நண்பர்கள் இன்று நம்மிடையே பலர் உள்ளனர். ஆதலின் இக்கேள்விகளை ஆராய்வது பயனுடையது. உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியையே இதற்குப் பாடமாகக் கொள்வோம்.

1957-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லிங்கன் ஆய்வுக்கூடத்தில் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்னும் பொறியாளர் இருவர் பணியாற்றி வந்தனர். அந்நாளில் பெரிய கணிப்பொறி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆய்வுக்கூடத்திலோ, மனிதன் எதிரே அமர்ந்து தானே நேராக இயக்கக்கூடிய டிரான்சிஸ்டர் கணிப்பொறி உருவாகியிருந்தது. அத்தகைய பொறியைச் சிறிதாகவும் மலிவாகவும் செய்து விற்க வேண்டும் என்பதே அவ்விருவரின் கனவு.

பணத்திற்கு எங்கே செல்வது? வங்கி, ஈடு கேட்கும், வட்டி கேட்கும். அவர்களிடம் ஈடாக வைக்க ஒன்றுமில்லை. ஆகவே அவர்கள் அமெரிக்கன் ரிசர்ச் அண்டு டெவலப்மென்ட் என்னும் முதலீட்டுக் கம்பெனியை நாடினர். 1946-இல் தொடங்கிய அக்கம்பெனியின் தலைவர் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஜார்ஜ் டோரியோ. இத்தகைய கம்பெனி கடன் கொடுத்து வட்டி வாங்குவதோடு நிற்பதில்லை. தொழிலில் பங்கு வாங்குகிறது. தொழில் மூழ்கினால் பணமும் மூழ்கும். தொழில் ஓங்கினால் பங்கின் மதிப்பு பல மடங்கு உயரும். பத்தில் பல வீணானாலும், ஓங்கிய ஒன்றிரண்டே இழந்ததை ஈடுசெய்ய வேண்டும். இக்கணக்கை மனத்தில் வைத்தே முதலீட்டாளர் நம் பேச்சைக் கேட்கிறார். இதை அறியாமல் அவர்முன் நிற்பவர் ஆழம் அறியாமல் காலை விடுபவர் ஆவார்.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. நிருவாகக் குழுவின் முன் செல்வதற்கு முன்னே, அக்கம்பெனியின் அலுவலர்களே ஓல்சனுக்கு மூன்று அறிவுரைகள் கூறினராம். ஓல்சனே பிற்காலத்தில் அவற்றை நினைவுகூர்ந்தார். முதலாவது: கணிப்பொறி என்னும் சொல்லை எடுக்காதீர்கள், பெரிய கம்பெனிகளே அதில் இலாபம் காணவில்லை என்று குழுவினர் எண்ணுகின்றனர். இரண்டாவது: நூற்றுக்கு ஐந்து இலாபம் என்றால் எவரும் பணம் தரமாட்டார், இன்னும் உயர்வாகக் குறியுங்கள். மூன்றாவது: குழுவினருள் முதியவர் பலர், இலாபம் விரைவில் வரும் என்று காட்டுங்கள்.

அவர்கள் என்ன செய்தனர்? கம்பெனிக்கு டிஜிட்டல் எக்விப்மென்ட் என்று பெயரிட்டனர். ‘எக்விப்மென்ட்’ என்றால் கருவி. கணிப்பொறி என்னும் சொல் அங்கே இல்லை. முதலில் விற்பதற்கு எடுத்துக்கொண்டதும் முழுப் பொறி அன்று. மின்சுற்று அடங்கிய சிறு சிறு தொகுதிகள். பிற ஆய்வுக்கூடங்களின் பொறியாளருக்கு அவை உடனே தேவைப்பட்டன. 70,000 டாலர் முதலீடு கிடைத்தது. மேனார்டு என்னும் ஊரில் பழைய கம்பளி ஆலை ஒன்றில் இடம் பிடித்துத் தொழிலைத் தொடங்கினர். தொகுதிகள் விற்றன, முதல் ஆண்டிலேயே இலாபமும் வந்தது. பிறகுதான் கனவுக்கு வந்தனர். 1959-இல் அவர்களுடைய முதல் கணிப்பொறியான பி.டி.பி-1 மக்கள் பார்வைக்கு வந்தது. 1965-இல் வெளிவந்த பி.டி.பி-8 இன் விலை ஏறக்குறைய 18,000 டாலர். முதலீட்டுக் கம்பெனியின் பங்கு 1970களின் தொடக்கத்தில் 35 கோடி டாலருக்கும் மேல் மதிப்புப் பெற்றது.

இதிலிருந்து நாம் அறிவன யாவை?

ஒன்று: கனவு முழுவதையும் ஒரே நாளில் விலைபேச வேண்டியதில்லை. அதன் முதற்படியைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். இந்தப் பணம் தீரும்போது நம் கையில் என்ன இருக்கும்? அதை வாங்குவோர் யார்? இவ்விரு கேள்விக்கும் விடை இல்லையேல், எத்துணைப் பெரிய கனவும் வெறும் பேச்சே.

இரண்டு: வாங்கும் பணத்திற்கு விலை உண்டு. அந்த 70,000 டாலருக்கு ஓல்சனும் ஆண்டர்சனும் கொடுத்தது தங்கள் கம்பெனியில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாத பங்கு. உழைத்த இருவருக்கும் எஞ்சியது மூன்றில் ஒன்றுக்கும் குறைவே. கையில் ஒன்றும் இல்லாதபோது கேட்ட பணம் அது. ஆதலின் விலை மிகுந்தது. செய்துகாட்டிய பின் கேட்பவருக்கு விலை குறையும். முடிந்தவரை சொந்த உழைப்பால் ஒரு படியேனும் ஏறிவிட்டுப் பிறகு கேட்பதே அறிவுடைமை.

மூன்றாவதே தலையாயது. கணிப்பொறி என்னும் சொல்லை மறைத்தது பொய் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மறைக்கச் சொன்னவர்கள் யார்? பணம் கொடுக்கும் கம்பெனியின் அலுவலர்கள். விற்பதாகச் சொன்ன தொகுதிகள் உண்மையில் இருந்தனவா? இருந்தன, வேலையும் செய்தன. எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்பது பேசுவோன் திறம். இல்லாததை இருப்பதாகச் சொல்வது வஞ்சகம். ஆனால் இரண்டிற்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது. இலாபத்தை உயர்த்திக் குறிக்கச் சொன்ன அறிவுரை அக்கோட்டின் அருகே கொண்டு நிறுத்தும் அறிவுரைதான். உழைத்து இலாபம் காட்டியதால் அவர்கள் தப்பினர்.

அக்கோட்டைத் தாண்டியவர் கதையும் உண்டு. சில சொட்டு இரத்தத்தைக் கொண்டே பலவகைச் சோதனைகளைச் செய்யும் கருவி என்று சொல்லி, எலிசபெத் ஹோம்ஸ் 2003-இல் தெரானோஸ் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். கோடிக்கணக்கான டாலர் குவிந்தது. ஆனால் அக்கருவி செய்த சோதனைகள் மிகச் சில. எஞ்சியவை பிற கம்பெனிகளின் கருவிகளில் நடந்தன. 2018-இல் கம்பெனி மூடப்பட்டது. 2022-இல் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்திற்காக ஹோம்ஸுக்குப் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய கனவு இழிந்த கனவு அன்று. ஆகாததை ஆயிற்று என்றதே இழிவு.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவேன். சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு 2017-இல் தோன்றிய அக்னிகுல் கம்பெனி, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட் ஒன்றைச் செலுத்தியது. அதற்கு முன்பு, புறப்பாட்டை அது பலமுறை தள்ளிவைத்தது. தள்ளிவைத்ததை நாடே அறிந்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்ததா? இல்லை. ஆகாத நாளில் ஆகவில்லை என்று சொன்னதால்தான், ஆனது என்று சொன்ன நாளில் எல்லோரும் நம்பினர்.

ஆகவே நண்பர்களே, முதலீட்டாளரைக் காணச் செல்லும் முன்னாள் இரவு ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழியுங்கள். இடப்பக்கம், இன்று நம் கருவி செய்வதை எழுதுங்கள். வலப்பக்கம், இனிச் செய்யும் என்று நாம் நம்புவதை எழுதுங்கள். வலப்பக்கம் எவ்வளவு நீண்டாலும் குற்றமில்லை. கனவு நீண்டதாகவே இருக்கட்டும். மறுநாள் பேசும்போது, வலப்பக்கத்து வரி ஒன்றுகூட இடப்பக்கத்திற்கு நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கிடைக்காமல் போனால் மற்றொரு வாயிலைத் தட்டலாம். சொல் பொய்த்துப் போனால் தட்டுவதற்கு வாயில் இராது.