வீட்டிலேயே பட்டறை வைத்தவர்

தோழிகளே, ஜேம்ஸ் வாட் தெரியும். அர்தசீர் கர்சேட்ஜி வாடியாவைத் (1808–1877) தெரியுமா? பம்பாயில் தலைமுறையாக மரக்கப்பல் கட்டிய குடும்பம். இவருக்கோ நீராவி மேல்தான் ஆசை. வீட்டிலேயே சின்ன வார்ப்புப் பட்டறை வைத்தார். 1 குதிரைத்திறன் நீராவி எஞ்சின் செய்து கிணற்றுத் தண்ணீர் இறைத்தார். இவ்வளவுதானான்னு கேட்காதீங்க, அப்போ கரண்டே கிடையாது!

1834-ல் மசகான் பங்களாவில் வாயு விளக்கு ஏற்றினார். கவர்னரே வந்து பார்த்தார். நிலக்கரியைக் காற்றுப் புகாமல் மூடிச் சூடாக்கினால் எரியும் வாயு வரும். அதைக் குழாயில் கொண்டுபோய்ப் பற்றவைப்பார்கள். (வீட்டில் செய்யாதீங்க!)

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரான முதல் இந்தியர் இவர். இரண்டாவது நம்ம ராமானுஜன், 1918-ல். நடுவில் 77 வருஷம்!

எங்க திண்ணையில் ஓடாத மோட்டார் ஒன்று கிடக்கு. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு தொட விடலை. அப்பாவிடம் கேட்டுக்கிட்டே இருக்கேன். காலாண்டு லீவில் பிரிச்சுப் பார்க்கணும். வர்றவங்க பேர் கொடுங்க.