ஆகாய தூரமும் லாரி வாடகையும்

சரக்கு எடுக்கும் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், தேசப்படத்தில் அளவுகோலை வைத்துச் சொல்லிவிடுகிறோம். அது ஆகாய மார்க்கத் தூரம். வாடகை கொடுப்பதோ தரை மார்க்கத்துக்கு!

சமவெளியில் இது அதிகம் உறுத்தாது. சென்னையிலிருந்து மதுரைக்கு நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர்; திருச்சி வழியாகச் சாலையில் சுமார் 460. பத்தில் ஒரு பங்குதான் கூடுதல்.

மலைக் காய்கறி எடுப்பவர்கள் பாடு வேறு. கோவைக்கும் ஊட்டிக்கும் நேர்க்கோட்டில் 52 கிலோமீட்டர்தான் இருக்கும். மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாகச் சாலையில் சுமார் 86. சுமார் 2,240 மீட்டர் உயரத்துக்கு நேராக ஏற முடியாது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

கணக்குப் பார்ப்போம். கிலோமீட்டருக்கு 40 ரூபாய் வாடகை, லாரியில் 4 டன் கேரட் என்று வைத்துக்கொள்வோம். விட்டுப்போன 34 கிலோமீட்டருக்கு 1,360 ரூபாய். கிலோவுக்கு 34 பைசா. கோவையிலிருந்து வண்டி காலியாக ஏறிப்போய்ச் சரக்குடன் இறங்கினால் 68 பைசா. சில்லறைக் கடையில் கேரட்டுக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அடக்க விலையில் இதைச் சேர்க்காமல் விலை சொன்னால் கைப்பணம்தான் போகும்.

படத்தில்தான் அளக்க வேண்டுமென்றால் அளவுகோல் வேண்டாம். பொட்டலம் கட்டும் நூலைச் சாலையின் வளைவோடு வளைவாக வைத்து, பிறகு நீட்டி அளக்கலாம். சிறிய படத்தில் கொண்டை ஊசி வளைவுகள் தெரியாது. மலைப்பாதைக்கு வண்டியின் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.