சுவான்சோ: துறைமுகம் இல்லாத துறைமுக நகரத்தைப் பார்க்கும் முறை

சீனாவின் பூஜியான் மாகாணக் கரையில், தைவானைப் பார்த்தபடி இருக்கிறது சுவான்சோ. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் சைத்தூன் என்று எழுதிவைத்த ஊர். 1087-இல் சொங் அரசு இங்கே கடல் வணிக அலுவலகம் ஒன்றைத் திறந்தது. அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் மிளகும் மணக்கட்டைகளும் இங்கு வந்து இறங்கின, பீங்கானும் பட்டும் கப்பலேறின. 2021-இல் யுனெஸ்கோ இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த 22 இடங்களை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்ப்பதுதான் முதல்முறை வருபவர்கள் வழக்கமாகச் செய்வது. ஒரு விகாரை, ஒரு மசூதி, ஒரு பாலம், இரண்டு கோபுரம், நிறையப் படங்கள். மாலையில் "இதில் துறைமுகம் எங்கே?" என்ற கேள்விதான் மிஞ்சும். பழைய துறைமுகம் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சவில்லை, அதனால் அதைத் தேடிப் பயனில்லை. அது விட்டுப்போன தடயங்களைச் சரியான வரிசையில் பார்த்தால்தான் ஊர் பிடிபடும். முதலில் கல், அடுத்து சரக்கு, பிறகு தெரு, கடைசியில் பாலம் என்பதே இந்தக் கட்டுரை சொல்லும் வரிசை. இதற்கு இரண்டு முழு நாள் போதும், மூன்று இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து சியாமென் நகரத்துக்கு நேரடி விமானங்கள் உண்டு. அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சுவான்சோ வந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப்பெயரை இருமுறை பாருங்கள். ஆங்கில எழுத்தில் இதுவும் குவாங்சோவும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், ஆனால் குவாங்சோ பக்கத்து மாகாணத்தின் பெருநகரம். ரயிலில் ஏற, விடுதியில் பதிவுசெய்ய என எல்லாவற்றுக்கும் கடவுச்சீட்டு கேட்பார்கள். அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் வங்கி அட்டையை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். கூகுள் வரைபடத்தை நம்பாமல், போக வேண்டிய இடங்களின் பெயர்களைச் சீன எழுத்தில் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம், அக்டோபருக்குப் பின் வானம் தெளிவாக இருக்கும். தங்குவதற்கு மேற்குத் தெருவை ஒட்டிய பழைய நகரப் பகுதி நல்லது. வெளிநாட்டினரைப் பதிவுசெய்து பழக்கம் உண்டா என்று விடுதியிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் காலையில் நேராகக் கடல் வணிக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீனாவில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்து முதலில் கண்ணாடிப் பெட்டிகளையா பார்ப்பது? கோயிலையும் தெருவையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறியபின் அருங்காட்சியகம் போனால் போதாதா?" என்று கேட்கலாம். மற்ற ஊர்களுக்கு அந்த யோசனை சரி. சுவான்சோவில் மட்டும் முக்கியமான சான்றுகள் இருந்த இடத்தில் இல்லை. 1357 முதல் 1366 வரை இங்கு நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில் வெளிநாட்டு வணிகர்கள் கொல்லப்பட்டார்கள், பலர் தப்பியோடினார்கள். அடுத்து வந்த மிங் ஆட்சி தனியார் கடல் வணிகத்துக்குத் தடை போட்டது. அந்த வெளிநாட்டு வணிகர்களுடைய கோயில்களும் கல்லறைகளும் உடைந்து, அந்தக் கற்கள் நகர மதிலுக்குள் போயின. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அரபு எழுத்து, சிலுவை, தாமரை, லிங்கம் என்று எல்லாம் ஒரே குவியலில் வெளிவந்தன. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரான வூ வென்லியாங் அவற்றைத் தேடிச் சேகரித்து 1957-இல் நூலாகத் தொகுத்தார். அந்த மனிதரின் பிடிவாதம் இல்லாவிட்டால் பல கற்கள் அடித்தளத்துக்கோ சுண்ணாம்புக் காளவாய்க்கோ போயிருக்கும். அந்தக் கற்களை முதலில் பார்த்தவருக்குத்தான், வெளியே தெருவில் எது இன்று இல்லை என்பது தெரியும்.

தமிழ் வாசகர் இந்தக் கூடத்தில் கூடுதல் நேரம் நிற்பார், நிற்கவும் வேண்டும். லிங்கத்தை வழிபடும் யானை போன்ற புடைப்புச் சிற்பங்கள் தென்னிந்தியச் சாயலில், ஆனால் இந்த ஊர்க் கல்லில் செதுக்கப்பட்டவை. இந்நகரில் கிடைத்த, 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, மங்கோலிய ஆட்சியாளரின் அனுமதியோடு அவர் உடல்நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அதன் அடியில் சீன எழுத்தும் உண்டு. இதைக் காட்டி, சோழர்கள் சீனாவில் கட்டிய கோயில் என்று பெருமை பேசுவது நம்மிடையே சகஜம். ஆண்டைக் கவனியுங்கள். சோழ ஆட்சி 1279-உடன் முடிந்ததாகவே பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். பின்னால் அரசன் இல்லாதபோதும், வந்த ஊரின் ஆட்சியாளரிடம் அனுமதி பெற்றுக் கோயில் எழுப்பிய வணிகர்களின் வேலை என்று படிப்பதே பொருத்தம். படையெடுப்பைவிட இதில்தான் பெருமை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முழுச் சிவாலயம் ஒன்று எங்காவது நிற்கும் என்று நம்பி வராதீர்கள், உதிரிக் கற்கள் மட்டுமே உண்டு.

மதியத்துக்குப் பின் கையுவான் விகாரை. ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய பௌத்தத் தலம் இது. எல்லோரும் முன்வாசலில் நின்று, 13-ஆம் நூற்றாண்டில் கல்லால் கட்டிய இரட்டைக் கோபுரங்களைப் படமெடுப்பார்கள். கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், மேற்குக் கோபுரம் 44 மீட்டர். அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் பெரிய மண்டபத்தின் பின்புறம் போங்கள். அங்குள்ள இரண்டு பதினாறு பட்டைத் தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் கஜேந்திர மோட்சமும் வட்டங்களுக்குள் செதுக்கப்பட்டிருக்கும். மேடையின் அடியில் சிங்க உருவப் பலகைகள் வரிசையாக ஓடும். இடிந்த கோயிலின் கற்களை மிங் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். காலையில் அருங்காட்சியகம் பார்க்காமல் வந்தவர் இவற்றை அலங்காரம் என்று எண்ணிக் கடந்துவிடுவார்.

அதே வளாகத்தின் கிழக்குப் பக்கம், 1974-இல் ஹௌஜூ துறையின் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த கப்பல் இருக்கிறது. சொங் காலத்தின் கடைசி ஆண்டுகளில் மூழ்கியது. எஞ்சிய பகுதி மட்டுமே 24 மீட்டருக்கு மேல் நீளம், 9 மீட்டருக்கு மேல் அகலம். பன்னிரண்டு தடுப்புச் சுவர்கள், பதின்மூன்று அறைகள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். உள்ளே கிடைத்தவற்றில் மணக்கட்டைகளே மிகுதி, அவற்றோடு மிளகு, சாம்பிராணி, பாதரசம். இந்தச் சரக்கின் மீது விதித்த வரியில்தான் இந்த ஊர் செழித்தது. இங்கே அரை மணி நேரமாவது இருங்கள். 22 இடங்களில் எதையும் விட்டுவிடலாம், இந்தக் கப்பலை விடக்கூடாது.

இரண்டாம் நாள் தெரு. தூமென் தெருவில் 1009-இல் தொடங்கிய சிங்ஜிங் மசூதியின் கருங்கல் வாயிலும், சில நிமிட நடையில் ஊதுபத்திப் புகை நிறைந்த குவாந்தி கோயிலும் உண்டு. தெற்கே போனால் 1196-இல் எழுப்பிய, கடலோடிகளின் தாயான மாட்ஸுவின் கோயில். இத்தனை மதங்கள் அருகருகே இருப்பதைக் காட்டி, காலங்காலமாக நல்லிணக்கம் நிலவிய ஊர் என்று விளம்பரப் பலகைகள் சொல்லும். பாதி உண்மை. வணிகம் நடந்தவரை இடம் கிடைத்தது, 1366-இல் அது பறிபோனது. மசூதியின் கூரையற்ற தொழுகைக் கூடத்தில் நிற்கும்போது இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்தே நினையுங்கள். நடுவே பசித்தால், காலை உணவுக் கடைகளில் மியான்சியான் ஹூ கேளுங்கள். நூல்போன்ற சேமியாவைக் குழைய வேகவைத்த கஞ்சி, மேலே போடுவதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். சைவர்கள் குழம்பின் சாறு எதில் ஆனது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் கடலுணவோ இறைச்சியோ இருக்கும். கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் அவர்களுக்குப் பாதுகாப்பு.

பாலங்கள் தூரம், பாலம் எல்லா ஊரிலும் உண்டு, எதற்கு அலைய வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் துறைமுகம் என்பது கரையோடு முடிவதில்லை. உள்நாட்டுச் சூளைகளில் சுட்ட பீங்கான் கரைக்கு வர, ஆறுகளும் கழிமுகங்களும் குறுக்கே நின்றன. அவற்றைக் கடக்கவே இந்தப் பாலங்கள். நகரத்துக்கு வடகிழக்கே லோயாங் பாலம், சாய் சியாங் என்ற அதிகாரி காலத்தில் 1053 முதல் 1059 வரை கட்டியது. அலையில் அடித்தளக் கற்கள் நகராமல் இருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வளரவிட்டார்கள். சிப்பியின் ஓட்டுப்பசை கல்லோடு கல்லைப் பிணைத்தது. அதைப் பார்க்க வற்று நேரத்தில் போக வேண்டும், ஏற்ற நேரத்தில் வெறும் நீர்தான். அன்றைய வற்று நேரத்தை விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். படகின் முகம் போலக் கூர்மையாக நீரைக் கிழிக்கும் தூண்களும் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

மூன்றாம் நாள் கிடைத்தால் தென்மேற்கே வாடகைக் காரில் போய் ஆன்பிங் பாலத்தையும் சாவ்ஆன் கோயிலையும் சேர்த்துப் பாருங்கள். 1138-இல் தொடங்கி 1151-இல் முடித்த ஆன்பிங் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கற்பாதை. நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். சாவ்ஆனில் இருப்பது மானி மதத்தை நிறுவியவரின் கற்சிலை, 1339-ஆம் ஆண்டுக்குரியது. அருகில் வாழ்பவர்கள் இதை ஒளியின் புத்தராக வணங்கிவந்ததால் தப்பியது. சுன்பூ மீனவக் கிராமத்தில் பூச்சூடிப் படமெடுக்கும் கூட்டம் சமீபத்தில் பெருகிவிட்டது. சிப்பி ஓடு பதித்த வீட்டுச் சுவர்களைப் பார்க்க வேண்டுமானால் அங்கு காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள், அதன்பின் வாடகை உடைக் கடைகளின் நெரிசல்தான்.