வீட்டு நாயின் ரோம உதிர்வு: பருவமும் பராமரிப்பும்

வடஇந்தியாவில் குளிர் நீங்கி, ஹோலிப் பண்டிகையை ஒட்டி வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், வீட்டுக்குள் நாய் வளர்க்கும் குடும்பங்களில் ஒரே விதமான முறையீடு எழுவது வழக்கம். காலையில் பெருக்கிய தரையில் மாலைக்குள் ரோமம் பந்து பந்தாக உருண்டு கிடக்கிறது. நாற்காலி உறையிலும் படுக்கை விரிப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. சமையலறையையும் அது விட்டுவைப்பதில்லை.

தில்லியில் இரண்டு அறைகள் கொண்ட ஓர் அடுக்குமாடி வீட்டையும், அங்கு வளரும் வெண்ணிற இந்திய ஸ்பிட்ஸ் நாயையும் உதாரணமாகக் கொள்ளலாம். இவ்வகை நாயைப் பலர் பொமரேனியன் என்றே அழைக்கின்றனர். அவ்வீட்டார் இத்தருணத்தில் அண்டை வீட்டார் கூறும் ஏதேனும் ஓர் எண்ணெயை நாயின் உடலில் பூசக்கூடும்; கோடைக்கு நல்லது என்று எண்ணி ரோமம் முழுவதையும் மழித்துவிடக்கூடும்; பொறுமை இழந்து நாயையே தெருவில் விட்டுவிடவும் கூடும். இம்மூன்றும் தவறு. இவற்றுக்கு நேர்மாறான தவறு மற்றொன்றும் உண்டு. எல்லா உதிர்வும் பருவத்தால் வருவதே என்று வாளாவிருந்து, குழந்தைகளுக்கும் தொற்றக்கூடிய சரும நோயைக் கவனியாது விடுதலே அது. ஆகவே, இயல்பான உதிர்வு எது, நோயினால் வரும் உதிர்வு எது என்று பிரித்தறிவது, மக்களிடையே பணியாற்றும் கால்நடைப் பராமரிப்பு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் இன்றியமையாததாகிறது.

ரோமம் வளரும் விதம்

நாயின் ரோமம் இடைவிடாது வளர்வதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் வளரும் நிலை, சுருங்கும் நிலை, ஓய்வு நிலை என்ற மூன்றையும் முறையே கடக்கிறது. ஓய்வு நிலையில் ரோமம் வளர்ச்சியின்றி மயிர்க்காலில் பொருந்தி நிற்கும். பின்னர் அது உதிர, அவ்விடத்தில் புதிய ரோமம் தோன்றுகிறது. மனிதனின் தலைமயிரில் பெரும்பகுதி எந்நேரமும் வளரும் நிலையிலேயே உள்ளது. பெரும்பாலான நாய்களிலோ ரோமத்தின் பெரும்பகுதி ஓய்வு நிலையில் உள்ளது. பூடில் போன்ற சில இனங்கள் இதற்கு விலக்காகும். அவற்றின் ரோமம் நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருப்பதால் உதிர்வு குறைவு. ஆனால் அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருக்கும்.

நாயின் சருமத்தில் உள்ள ஒரே துவாரத்திலிருந்து பல ரோமங்கள் வெளிவருகின்றன. அவற்றுள் தடித்து நீண்டது மேல் ரோமம். மென்மையாகப் பஞ்சுபோல் இருப்பவை அடி ரோமம். ஸ்பிட்ஸ், ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், இமயமலைப் பகுதிகளில் மந்தை காக்கும் நாய்கள் ஆகியவற்றுக்கு அடி ரோமம் அடர்த்தியாக உண்டு. பருவந்தோறும் கற்றை கற்றையாகக் கழல்வது இதுவே. கர்நாடகத்தின் முதோல் நாய், தமிழ்நாட்டின் இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் ஆகியவற்றின் ரோமம் குட்டையானது. அவற்றில் உதிர்வு இவ்வளவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பகற்பொழுதும் உதிர்வும்

வெப்பம் மிகுவதால்தான் ரோமம் உதிர்கிறது என்பது பொதுவான எண்ணம். வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. எனினும் முதற்காரணம் பகற்பொழுதின் நீளம் மாறுவதே. கண்ணில் படும் ஒளியின் அளவுக்கேற்ப, மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் பொருளை இரவில் சுரக்கிறது. இரவு நீண்டால் அதன் சுரப்பும் நீடிக்கும். இரவு குறுகினால் சுரப்பும் குறுகும். இம்மாற்றம் பிட்யூட்டரி சுரப்பியின் வாயிலாக மயிர்க்கால்களை எட்டுகிறது. வசந்தத்தில் குளிர்கால ரோமம் கழல்வதும், மழைக்காலம் முடிந்த பின் கோடைக்கால ரோமம் கழன்று அடர்ந்த ரோமம் முளைப்பதும் இவ்வாறே நிகழ்கின்றன.

தில்லியில் ஜூன் மாதத்தில் பகற்பொழுது ஏறக்குறைய 14 மணி நேரம். டிசம்பரில் 10 மணி 20 நிமிடம். வித்தியாசம் மூன்றரை மணிக்கும் மேல். கன்னியாகுமரியிலோ இவ்வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரமே. ஆகையால், பருவ உதிர்வு வடக்கே தெளிவாகவும், தெற்கே செல்லச் செல்ல மங்கலாகவும் காணப்படுவது எதிர்பார்க்கத்தக்கதே.

வீட்டுக்குள்ளேயே வாழும் நாயின் நிலை சற்று வேறானது. சூரியன் மறைந்த பின்னும் இரவு பத்து, பதினொரு மணி வரை அது மின்விளக்கின் ஒளியில் இருக்கிறது. குளிரும் வெப்பமும் அதன்மேல் முழுமையாகப் படுவதில்லை. அதனால் இத்தகைய நாய்கள் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக ரோமம் உதிர்ப்பதும், வசந்தத்தில் மட்டும் அது மிகுவதும் உண்டு. இது நோயன்று.

மழித்தல் கூடாது

நாய் மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைப்பதன் மூலமே அது பெரும்பாலும் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே, ரோமத்தை மழித்தால் வியர்வை எளிதில் ஆறும் என்ற வாதம் பொருந்தாது. கழன்ற அடி ரோமத்தைச் சீவி நீக்கிய பின் எஞ்சும் மேல் ரோமம், வெயில் நேரே சருமத்தில் படாதவாறு காக்கிறது. வெண்ணிற நாய்களின் வெளிர்சருமம் வெயிலில் எளிதில் புண்படும். மேலும், ஸ்பிட்ஸ் போன்ற இனங்களில் மழித்த இடத்தில் ரோமம் மீண்டும் வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்; சில வேளைகளில் அது திட்டுத்திட்டாகவே வளரும். அறுவைச் சிகிச்சைக்காகவோ புண்ணுக்கு மருந்திடுவதற்காகவோ மருத்துவர் மழிப்பது வேறு.

சீவும் முறை

உதிரும் ரோமத்தை நிறுத்த இயலாது; அது தரையில் விழுமுன் சீப்பில் சேர்க்க இயலும். பராமரிப்பின் சாரம் இதுவே.

உதிர்வு மிகும் மூன்று, நான்கு வாரங்களில் நாள்தோறும் பத்து முதல் பதினைந்து நிமிடம் சீவுதல் போதுமானது. மற்றக் காலங்களில் வாரத்துக்கு இரண்டு முறை போதும். பற்கள் அகன்ற உலோகச் சீப்பும், வளைந்த கம்பிப் பற்களுடைய தூரிகையும் தேவை. ஒரு கையால் ரோமத்தை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்து, சருமம் தெரியும் வரியிலிருந்து சிறிது சிறிதாகக் கீழ்நோக்கிச் சீவ வேண்டும். மேற்பரப்பை மட்டும் தடவிச் சீவினால் அடி ரோமம் உள்ளேயே சிக்கித் திரண்டுவிடும். காதின் பின்புறம், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, கக்கம், தொடையின் பின்புறம் ஆகிய இடங்களில் சிக்கு மிகுதி. கம்பிப் பற்களைச் சருமத்தில் அழுத்தலாகாது. சருமம் சிவந்தால் உடனே நிறுத்த வேண்டும். மாடத்திலோ முற்றத்திலோ பழைய துணியை விரித்து அதன்மேல் நாயை நிறுத்திச் சீவினால், ரோமம் வீட்டில் பரவாது.

நீராட்டுவதற்கு முன் சீவுதல் அவசியம். நனைந்த அடி ரோமம் கம்பளம்போல் இறுகி, பின்னர் எளிதில் பிரியாது. வெதுவெதுப்பான நீரில் நாய்களுக்கென்று தயாரிக்கப்பட்ட சோப்புத் திரவமே ஏற்றது. நாயின் சருமம் மனிதச் சருமத்தைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைந்தது. சோப்பை முற்றும் அலசி, அடி ரோமம் வரை உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் தங்கினால் சருமத்தில் புண் உண்டாகும். மண்ணெண்ணெய், இயந்திரங்களில் பயன்பட்ட எண்ணெய், தரை கழுவும் பினாயில் ஆகியவற்றைச் சொறிக்கும் உண்ணிக்கும் பூசும் பழக்கம் மிகத் தீயது. இவை சருமத்தைப் பொசுக்குவதோடு, நாய் தன்னுடலை நக்கும்போது உள்ளே சென்று நஞ்சாகின்றன.

உணவும் இல்லத் தூய்மையும்

ரோமம் பெரும்பாலும் புரதத்தாலானது. நாயின் அன்றாடப் புரதத் தேவையில் கணிசமான பகுதி சருமத்துக்கும் ரோமத்துக்குமே செலவாகிறது. சப்பாத்தியும் பாலும் மட்டுமே உண்டு வாழும் நாயின் ரோமம் வறண்டு, ஒளியிழந்து, பருவம் கடந்தும் உதிர்வதில் வியப்பில்லை. வேகவைத்த முட்டை, இறைச்சி அல்லது மீன் போன்றவற்றை உணவில் சேர்ப்பது நலம். சருமத்துக்குத் தேவையான லினோலிக் அமிலம் சூரியகாந்தி எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களில் உண்டு. அதைச் சிறிதளவே சேர்க்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் கலந்த உணவு நாய்க்கு ஆகாது.

தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் ரோமமும் பொடுகும் காற்றில் எழும்பும். ஈரத் துணியால் துடைப்பதே மேல். நாயின் படுக்கை விரிப்பை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருப்பின், அவருக்கு ஒவ்வாமை விளைவிப்பது பெரும்பாலும் நாயின் பொடுகிலும் உமிழ்நீரிலும் உள்ள புரதங்களே, ரோமம் அன்று, என்பதை எடுத்துக் கூற வேண்டும். நாயை மழித்தாலும் பொடுகு நீங்காது. அந்நோயாளி உறங்கும் அறைக்குள் நாயை அனுமதியாதிருத்தலும், சீவும் பணியை வீட்டிலுள்ள வேறொருவர் ஏற்றலும் பயன் தரும். மூச்சுத்திணறல் தொடர்ந்தால் மருத்துவரின் ஆலோசனையே வழி.

நோயை இனங்காணுதல்

இயல்பான உதிர்வில் ரோமம் உடல் முழுவதும் பரவலாகக் கழலும். சருமம் எங்கும் வெறுமையாகத் தெரியாது. நாய்க்கு அரிப்பு மிகுதியாக இராது. உணவும் ஊக்கமும் குறையா. கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று தென்படினும் கால்நடை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

1. வட்டமான வழுக்கைத் திட்டும், ஓரத்தில் செதிலும்: இது படர்தாமரையாக இருக்கலாம். காளானால் உண்டாகும் இந்நோய் மனிதருக்கும், சிறப்பாகக் குழந்தைகளுக்கும், தொற்றும். கிருமி ரோமத்தோடு உதிர்ந்து வீட்டிலேயே நெடுநாள் உயிரோடிருக்கும்.

2. காது மடலின் ஓரம், முழங்கை ஆகிய இடங்களில் கடும் அரிப்பும் பொருக்கும்: நுண்ணிய பூச்சியால் உண்டாகும் சொறி. இதுவும் மனிதரிடம் பரவி அரிப்பைத் தரும்.

3. குட்டி நாயின் கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் ரோமம் நீங்குதல்: வேறு வகைச் சொறி. இது மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும் சிகிச்சை வேண்டும்.

4. அரிப்பின்றி, உடலின் இருபுறமும் ஒத்த விதமாக ரோமம் குறைதல், வால் ரோமமிழத்தல், சோம்பல், உடல் பருத்தல்: தைராய்டு சுரப்பியின் குறைவு காரணமாகலாம்.

5. வாலடியிலும் முதுகின் பின்பகுதியிலும் ஓயாது கடித்தல்: தெள்ளுப்பூச்சியைத் தேட வேண்டும். காதினுள்ளும் விரலிடுக்கிலும் உண்ணியைத் தேட வேண்டும். நாய்களைத் தாக்கும் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவர் இடுக்கிலேயே இனம்பெருக்கக்கூடியது.

குட்டி ஈன்ற சில வாரங்களுக்குப் பின்னும், கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் ரோமம் மிகுதியாக உதிர்வதுண்டு. இது பெரும்பாலும் தானே சீராகும்.

கைக்கண்ணாடி கொண்டு செய்யத்தக்க எளிய சோதனையும் உண்டு. சந்தேகமான இடத்திலிருந்து சில ரோமங்களை எடுத்து நுனியைப் பார்க்க வேண்டும். நுனி கூர்ந்து மெலிந்திருந்தால் ரோமம் தானே கழன்றது. ஒடிந்து பிளந்திருந்தால் நாய் அவ்விடத்தை நக்கியும் கடித்தும் வருகிறது, அதாவது அரிப்பு உண்டு. வீட்டார் கவனியாத அரிப்பையும் இச்சோதனை காட்டிக்கொடுக்கும். சோதனைக்குப் பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறக்கலாகாது.

பள்ளியில் ஒரு பயிற்சி

நாய் வளர்க்கும் மாணவர் ஒருவர் வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே சீப்பால், பத்து நிமிடம் சீவிச் சேரும் ரோமத்தை ஒரே அளவுள்ள கண்ணாடிக் குப்பியில் இட்டு, எவ்வளவு உயரம் நிரம்புகிறது என்று குறிக்கலாம். நாளிதழில் வெளியாகும் சூரிய உதய, அஸ்தமன நேரங்களிலிருந்து அன்றைய பகற்பொழுதின் அளவைக் கணக்கிட்டு அருகில் எழுத வேண்டும். ஓராண்டு முடிவில் இரண்டையும் வரைபடமாக்கினால், உதிர்வு எம்மாதங்களில் ஏறுகிறது என்பதையும், பகற்பொழுது மாறும் வேகத்தோடு அது பொருந்துகிறதா என்பதையும் மாணவரே கண்டறியலாம். ஸ்பிட்ஸ் நாயின் படத்தையும் குட்டை ரோம நாயின் படத்தையும் ஒப்பிடுதல் இன்னும் சிறப்பு.

இக்கணக்கு வீட்டாருக்கும் உதவும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் இவ்வளவே உதிர்ந்தது என்று எழுதி வைத்திருப்பவர், இயல்பான உதிர்வைக் கண்டு அஞ்சி நாயை வெளியேற்றமாட்டார்; பருவமல்லாத மாதத்தில் குப்பி நிரம்பினால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடவும் செய்வார்.