கல்லூரி நகருக்கு முதற் பயணம்: எங்கே, எப்போது உண்பது?

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் புறப்படும் பெற்றோர் சான்றிதழ்களை அடுக்கி வைப்பார்கள். கட்டணப் பணத்தை எண்ணி வைப்பார்கள். பஸ்ஸின் நேரத்தை இரண்டு முறை விசாரிப்பார்கள். அன்றைய மூன்று வேளை உணவைப் பற்றி மட்டும், "போகிற ஊரில் ஓட்டலா இல்லை?" என்று விட்டுவிடுவார்கள்.

விளைவு என்ன? நண்பகலில் பசி முற்றியதும் கண்ணில் பட்ட கடையில் நுழைகிறோம். இறைச்சி எப்படிப்பட்டது என்று கேட்க வாய் வருவதில்லை. சாப்பிட்டு எழுந்ததும் அலுவலகத்துக்கு ஓடுகிறோம், லுஹர் தவறுகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை இவை அனைத்தையும் பார்க்கிறான். அடுத்த மூன்றாண்டுகள் அவன் அந்த ஊரில் எப்படி உண்ணப் போகிறான் என்பதற்கு அன்றுதான் முதற் பாடம்.

திருச்சியை உதாரணமாகக் கொள்வோம். 1951-இல் தொடங்கிய ஜமால் முகம்மது கல்லூரியும், 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரியும் அங்கேதான் உள்ளன.

1. வழியுணவு

பயணம் உறக்கத்தையும் உணவையும் தடுக்கக்கூடிய ஒரு வேதனை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். யமன் நாட்டார் சிலர் வழியுணவின்றி ஹஜ்ஜுக்கு வந்து பிறரிடம் கேட்டு நின்றபோது, வழியுணவு எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்-பகரா அத்தியாயத்தின் 197-ஆம் வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கட்டுச்சோறு கட்டுவது கஞ்சத்தனமல்ல; தவக்குலுக்கு மாறானதும் அல்ல.

கல்லூரிச் சேர்க்கை நடப்பது கடும் வெயில் காலம். புளிச்சோறு, எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி ஆகியவை தாங்கும். தேங்காய்ச் சட்டினி நண்பகலுக்குள் கெட்டுவிடும். காலைப் பசியாற இதுவே போதும். தண்ணீரும் ஒரு பழமும் பையில் இருந்தால், அலுவலக வாசலில் நேரமானாலும் பதறவேண்டியதில்லை.

2. இறங்கும் இடம்

முதல் வேளை எங்கே என்பதை இறங்கும் இடமே முடிவு செய்கிறது. ஜங்ஷனும் மத்தியப் பேருந்து நிலையமும் அருகருகே உள்ளன. ஜமால் முகம்மது கல்லூரி அந்தப் பக்கம். தூய வளனார் கல்லூரியோ ஊரின் மறுபக்கம், சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில். 2025-இல் ஊருக்குத் தெற்கே பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. ஆகவே, "நம் பஸ் எங்கே நிற்கும்? அங்கிருந்து கல்லூரிக்கு எவ்வளவு நேரம்?" என்று முன்கூட்டியே விசாரித்து, தேநீர் நிறுத்தம் ஒன்று, சாப்பாட்டு நிறுத்தம் ஒன்று என இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. நண்பகலில் தொழுகையும் உணவும்

சேர்க்கைக் காலத்தில் திருச்சியில் லுஹர் நேரம் 12.15 மணியளவில் தொடங்குகிறது. அலுவலகங்கள் சாப்பாட்டுக்கு மூடும் நேரமும் அதை ஒட்டியே வரும். அந்த இடைவேளையில் இரண்டும் அடங்கும்படி, பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள உணவுக்கடையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எதை முதலில் செய்வது? உணவு முன்னே வைக்கப்பட்டு, பசியும் இருந்து, தொழுகைக்கு நேரம் விசாலமாக இருந்தால் முதலில் உண்ணலாம். இதற்கு ஹதீஸில் ஆதாரம் உண்டு. நேரம் குறுகிவிட்டால் தொழுகையே முந்த வேண்டும்.

சுமார் 80 கிலோ மீட்டருக்குக் குறைந்த பயணத்தில் கஸ்ரு இல்லை. புதுக்கோட்டையிலிருந்து வருபவர் முழுமையாகத் தொழ வேண்டும். மதுரையிலிருந்து வருபவர் சுருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் அத்தகைய பயணி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் அவ்வாறு சேர்ப்பதற்கில்லை. தூரக் கணக்கில் சிறு வேறுபாடுகள் இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. விசாரிப்பது வெட்கமல்ல

ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு. இடையிலுள்ள ஐயத்துக்குரியதை விடுவது மார்க்கத்துக்குக் காப்பு. அதே வேளையில் வீண் சந்தேகமும் கூடாது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோர் கொண்டுவந்த இறைச்சி பற்றிக் கேட்கப்பட்டபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே முஸ்லிமின் கடையில் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. மற்ற இடங்களில் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று மென்மையாகக் கேளுங்கள். பதில் தெளிவில்லையேல் சைவச் சாப்பாடு இருக்கிறது. மீனுக்கு அறுப்பு நிபந்தனையில்லை. ஆனால் அதே எண்ணெயில் ஐயத்துக்குரிய இறைச்சியும் பொரிக்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பிள்ளை உண்ணப்போகும் இடத்தில் உண்ணுங்கள்

இதுவே இப்பாடத்தின் சாரம். முதல் நாளென்று பெரிய ஓட்டலில் பிரியாணி வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிட்டால், பிள்ளைக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு வேளையாவது விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலோ, கல்லூரி வாசலில் மாணவர்கள் உண்ணும் எளிய கடையிலோ அவனோடு உட்கார்ந்து உண்ணுங்கள். விலை, சுத்தம், கூட்டம் எல்லாம் தெரிந்துவிடும்.

விடுதிப் பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இறைச்சி யார் அறுத்தது? வேண்டாதவர்களுக்குச் சைவம் உண்டா? ரமலானில் ஸஹருக்கு உணவு கிடைக்குமா? 2027-இல் ரமலான் பிப்ரவரியிலும், 2028-இல் ஜனவரி இறுதியிலும் தொடங்கும். இரண்டும் கல்லூரி நடக்கும் மாதங்கள். முதல் நோன்பன்று வெறும் வயிற்றோடு எழுந்து நின்று கேட்பதைவிட, சேர்க்கை நாளில் கேட்பது மேல். சேர்வது மகளாயின், அமைதியாக உட்கார்ந்து உண்ணவும் தொழவும் இடமுண்டா என்பதையும் தாய்மார் பார்த்துவர வேண்டும்.

சகோதரர்களே! பிஸ்மில்லாஹ் சொல்வதும், வலக்கையால் உண்பதும், தட்டில் மிச்சம் வைக்காததும் வீட்டில் பழகியவைதாம். வெளியூரில், பிறர் பார்க்கும் இடத்திலும் வாப்பா அவற்றை விடவில்லை என்று கண்ட பிள்ளை, தனியே உண்ணும் நாளிலும் விடமாட்டான்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியையும், ஹலாலான உணவையும் அருள்வானாக! ஆமீன்.